மார்டில் ஊரில் பானை கொதித்த தேர்தல்

அன்று சந்தைத் திடலில் இருந்தவர்கள்:

ஊர்த்தலைவர் ஒபதாயா ஸ்டக்கி. தேர்தல் அதிகாரியும் அவரே, ஊரில் பீர் காய்ச்சி விற்கிறவரும் அவரே. தேவாலயத்திலிருந்து தூக்கிவந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஹார்கோம் பிரபுவின் காரியஸ்தர் லாவிங்டன்.

எதிர்த்து நிற்கும் மிஸ்டர் கோப்ஸ்டனின் வக்கீல் மட்ஃபர்ட்.

பாதிரியார் பாம்ஃப்ரெட்.

கான்ஸ்டபிள் ரட்ஜ்.

ஜேபஸ் வென், கம்பளி சிக்கெடுப்பவன், கையில் இரும்புப் பானையோடு.

பன்றி ஒன்று.

ஊர்க் குமாஸ்தா எழுதிவைத்தது இவ்வளவுதான். ஜேபஸின் மனைவி தர்சாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்தியபடி இருமினாள். பெண்களை எழுதுகிற வழக்கம் இல்லை. பன்றியை எழுதுவார்கள். அதன் சொந்தக்காரனுக்கு ஓட்டு இருக்கலாம்.

எங்கள் ஊருக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடம். அத்தனை பெரிய மான்செஸ்டர் நகரத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பக்கத்து ஆள் யாராவது வழிதவறி எங்கள் சத்திரத்துக்கு வந்தால் இதைச் சொல்லிவிட்டுத்தான் முதல் குவளையை ஊற்றுவோம். ஏன் அப்படி என்று கேட்பான். எப்போதோ ஒரு ராஜா கொடுத்தது என்போம். எந்த ராஜா, எதற்குக் கொடுத்தான் என்று எங்களுக்கும் தெரியாது. ரொம்பத் தோண்டினால் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று யாரும் தோண்டுவதில்லை.

ஓட்டு யாருக்கு உண்டு என்பதில் மட்டும் ஊருக்குத் தெளிவு உண்டு. சொந்தமாக ஓர் அடுப்பு, அதில் கொதிக்கச் சொந்தமாக ஒரு பானை, உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள ஒரு கதவு, அந்தக் கதவுக்குச் சாவி. இவ்வளவும் உள்ள ஆண்பிள்ளைக்கு ஓட்டு உண்டு. நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம், புத்தி அறவே வேண்டாம். ஒரே ஒரு தடை: ஊர்த் தர்மத்தில் சாப்பிட்டிருக்கக்கூடாது. அடுத்தவன் கஞ்சியைக் குடித்தவன் சுதந்திரமாக ஓட்டுப் போடமாட்டான் என்பது பெரியவர்களின் கருத்து.

வீடுகள் முக்கால்வாசி பிரபுவுடையவை. ஓட்டு உள்ளவனுக்குத்தான் வீட்டை வாடகைக்கு விடுவார். "ஓட்டில்லாதவனுக்கு வீடு குடுக்கிறது மலட்டு மாட்டுக்குப் புல்லு போடுற மாதிரி" என்பார் லாவிங்டன். தேர்தல் வந்தால் பிரபு இரண்டு பேரை அனுப்புவார். ஒருவர் அவருடைய தங்கை மகன். இன்னொருவர் அவரோடு வேட்டைக்குப் போகிறவர். எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள். ஒரு மாட்டை முழுசாகச் சுடுவார்கள். நாங்கள் தின்றுவிட்டு, சுதந்திரம் வாழ்க என்று கத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருவோம். நகரமன்றச் சுவரில் பெரிய மரப்பலகை இருக்கிறது. ஜெயித்தவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே வார்த்தை: ஏகமனதாக.

அந்த வருஷம் கோப்ஸ்டன் வந்து கெடுத்தார். மதராஸில் கும்பினி உத்தியோகத்தில் இருந்து சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். ஈரல் கெட்டு, முகம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருக்கும். சத்திரத்து ஜன்னலில் நின்று பேசினார்.

"நண்பர்களே! மதராஸ்ல நான் வரி கேட்டேன், குடுத்தாங்க. நெல்லு கேட்டேன், குடுத்தாங்க. இப்ப உங்ககிட்ட ஓட்டு கேக்குறேன். கேட்டு வாங்குறதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டு. குடுக்காதவங்க கதி என்னாச்சுன்னு நீங்க கேக்கல. அதனால நானும் சொல்லல."

கைதட்டினோம். பிறகு அவருடைய சமையல்காரர் ஊருக்கெல்லாம் மிளகுத்தண்ணி ஊற்றினார். அப்படி ஒன்றை எங்கள் வாய்கள் கண்டதில்லை. கிழவர்கள்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார்கள். பேச்சைக் கேட்டு மார்டில் மக்கள் கண்ணீர் விட்டார்கள் என்று எக்ஸிடர் பத்திரிகையில் வந்தது.

போட்டி என்று வந்துவிட்டால் ஜெயிப்பதற்கு வழி ஓட்டுச் சேர்ப்பது இல்லை. எதிராளியின் ஓட்டைப் பட்டியலிலிருந்து அடிப்பது. ஜேபஸ் பிரபுவின் வீட்டில் குடியிருப்பவன். ஆகவே அவன் ஓட்டு பிரபுவுக்கு. ஆகவே வக்கீல் மட்ஃபர்ட் அவன் பெயரில் ஆட்சேபம் கொடுத்தார்: போன குளிர்காலத்தில் இவன் வீட்டுக்கு ஊர்த் தர்மத்திலிருந்து சூப் போனது.

போனது உண்மைதான். தர்சா காய்ச்சலில் கிடந்தாள். பாதிரியார் ஒரு தூக்குப்பாத்திரத்தில் அனுப்பினார். அவள் பிழைத்துக்கொண்டாள். இருமல் மட்டும் தங்கிவிட்டது, போகாமல்.

விசாரணைக்கு முதல்நாள் லாவிங்டன் ஜேபஸின் வீட்டு வாசலுக்கு வந்தார். குதிரையிலிருந்து இறங்கவில்லை.

"ஜேபஸ், நாளைக்கு உன் ஓட்டு நிக்கணும். நிக்கலேன்னா இந்த வீட்டை ஓட்டு இருக்கிறவனுக்குக் குடுக்கணும்."

"அப்ப நாங்க எங்கய்யா போறது?"

"ஏழை விடுதி இருக்கே. அதுக்குத்தானே கட்டி வெச்சிருக்கு."

ஏழை விடுதி தோல் பதனிடும் கொட்டடிக்குக் கீழே, ஓடைக்கரையில் இருக்கிறது. சுவர் கோடையிலும் வேர்க்கும். இருமிக்கொண்டு உள்ளே போனவர்கள் யாரும் இருமிக்கொண்டு வெளியே வந்ததில்லை. ஜேபஸ் மனைவியைப் பார்த்தான். அவள் லாவிங்டனின் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், ஓட்டு போட்டா யாருக்குய்யா போடுவே?" என்று அவர் போன பிறகு கேட்டாள்.

"யாருக்கு வேணா. வீடு இருந்தாச் சரி."

"இதத்தான் சுதந்திரம்னு கத்துறாங்களா?"

மறுநாள் திடலில் ஸ்டக்கி முதலில் தன் நடுநிலையை விளக்கினார்.

"என்னைப் பத்திச் சந்தேகம் வேணாம். ரெண்டு கட்சியும் என்கிட்டதான் பீர் வாங்குது. விசாரணை நீள நீள ரெண்டு கட்சிக்கும் தாகம் எடுக்கும். இந்தப் பக்கம் சாஞ்சா எனக்கு நட்டம், அந்தப் பக்கம் சாஞ்சாலும் நட்டம். இதைவிட நேர்மையான நீதிபதிய இங்கிலாந்துல எங்க தேடுவீங்க?"

யாரும் தேடவில்லை. பாதிரியாரைக் கூப்பிட்டார்கள்.

"சூப் அனுப்பினது வாஸ்தவமா சாமி?" என்றார் மட்ஃபர்ட்.

"வாஸ்தவம். கர்த்தரின் அன்பால."

"அதுல கறி இருந்துச்சா?"

பாதிரியார் லாவிங்டனைப் பார்த்தார். பாதிரியாரின் உத்தியோகம் பிரபு கொடுத்தது. கறி இருந்தது என்றால் அது தர்மம், ஜேபஸின் ஓட்டு போச்சு, பிரபுவுக்குக் கோபம் வரும். கறி இல்லை என்றால் தர்மத்துக்கென்று வருஷா வருஷம் பாதிரியார் கையில் சேருகிற ஆட்டிறைச்சி எங்கே போகிறது என்று ஊர் கேட்கும். அவர் முகத்தில் ஆன்மீகப் போராட்டம் தெரிந்தது. பிரபு ஜெயித்தார்.

"எலும்பு இருந்துச்சு" என்றார்.

"எலும்புன்னா சத்து இருக்குமே."

"இருக்க வாய்ப்பில்ல. என் வீட்டுல நாலு தரம் வேக வெச்ச எலும்பு. அப்புறம் நாய்க்குப் போட்டோம். நாய் தொடல. அதுக்கப்புறந்தான் தர்மத்துக்குப் போச்சு."

"அப்ப அது சூப்பே இல்ல!" என்று லாவிங்டன் துள்ளி எழுந்தார். "வெந்நீர். வெந்நீர் குடிச்சவன் தர்மம் வாங்கினவன் ஆகமாட்டான்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. பாதிரியாரைத் தோளில் தூக்கினார்கள். கீழே இறக்கியதும் அவர் வேறொரு குறையையும் சொல்லிவைத்தார்: ஏழை விடுதிக் கதவு உளுத்து விழுந்துவிட்டது, உள்ளே இருப்பவர்கள் இஷ்டத்துக்கு வெளியே வந்து வெயில் காய்கிறார்கள், இப்படியே போனால் ஏழ்மை ஒரு சுகம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள், ஊரார் ஒரு நல்ல கதவுக்கு வழி செய்ய வேண்டும். தேர்தல் முடியட்டும் என்றார் ஸ்டக்கி.

"அந்த வெந்நியத்தான் நான் கும்புட்டுக் குடிச்சேன்" என்றாள் தர்சா. குமாஸ்தா எழுதவில்லை.

மட்ஃபர்ட் அசரவில்லை. "சூப் கிடக்கட்டும். இந்த ஆள் சொந்தமாப் பானை கொதிக்க வைக்கிறானான்னு யார் பார்த்தா?"

இதற்கு எங்கள் ஊரில் பழைய வழி ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் ஓட்டாளி சந்தைத் திடலில், எல்லோர் கண்ணெதிரே, பானையைக் கொதிக்க வைத்துக் காட்ட வேண்டும். பாட்டன் காலத்தில் ஒரு தேர்தலில் திடல் முழுக்கப் பானைகள் கொதித்ததாகவும், ஓட்டுகளைவிட வெந்த முள்ளங்கி அதிகம் இருந்ததாகவும் சொல்வார்கள். ஜேபஸ் அதற்குத்தான் பானையோடு வந்திருந்தான். உள்ளே தண்ணீர், இரண்டு டர்னிப் கிழங்கு, துண்டு பன்றி இறைச்சி. திடலில் மூன்று கல்லைக் கூட்டி விறகை அடுக்கினான்.

"ஆட்சேபம்! சட்டம் சொல்றது பானைய மட்டுமா? அவன் அடுப்புல கொதிக்கிற பானைய. இது அவன் அடுப்பா? தெருக்கல்லு!" என்றார் மட்ஃபர்ட்.

ஸ்டக்கி யோசித்தார். யோசிக்கும்போது எல்லோருக்கும் பீர் ஊற்றச் சொல்வது அவர் வழக்கம். ஊற்றி முடித்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"அடுப்பக் கொண்டு வாங்க."

"ஐயா, வீட்டுக்கே வந்து பார்த்துடலாமே? அந்தா, அந்த முக்குத்தான்" என்றான் ஜேபஸ். திடலிலிருந்து பார்த்தால் அவன் கூரை தெரியும்.

"விசாரணை திடல்ல நடக்கணும்னு வழக்கம். திடலை உன் வீட்டுக்குத் தூக்கிட்டு வர முடியுமா? நடக்கிற காரியமாப் பேசுப்பா."

இரண்டு கட்சி ஆட்களும் கடப்பாறையோடு போனார்கள். ஜேபஸின் அடுப்புக்கல், பானை தொங்கும் இரும்புச் சங்கிலி, பக்கக் கற்கள் எல்லாம் தள்ளுவண்டியில் வந்து இறங்கின. கரி படிந்த கல்லைத் திடலில் போட்டதும் தர்சா குனிந்து அதைச் சால்வை முனையால் துடைத்தாள். ஊர் பார்க்கிறது என்ற கூச்சம்.

"இப்பச் சரியா?" என்றார் லாவிங்டன்.

"அடுப்பு சரி. கதவு எங்க? பூட்டிக்கிற கதவுக்குள்ள இருந்தாத்தானே அது அவன் அடுப்பு? கதவில்லாத அடுப்பு ஊர் அடுப்பு" என்றார் மட்ஃபர்ட்.

கதவு வந்தது. வீடு பிரபுவுடையது என்றாலும் கதவு ஜேபஸுடையது. தர்சாவின் அப்பா வண்டி செய்கிறவர், கல்யாணத்துக்கு அந்த ஓக் மரக் கதவைச் சீராகக் கொடுத்தார். கனமான கதவு. நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து, திடலின் நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். இந்தப் பக்கமும் திடல், அந்தப் பக்கமும் திடல், நடுவில் ஒரு கதவு.

"பூட்டிக் காட்டு" என்றார் ஸ்டக்கி.

ஜேபஸ் சாவியைப் போட்டான். திரும்பவில்லை. மட்ஃபர்ட் சிரித்தார். "அவன் கதவு அவனுக்கே பூட்டல!"

"இல்லய்யா, இது கொஞ்சம் தொங்கும்" என்றான் ஜேபஸ். காலைக் கதவின் அடியில் கொடுத்து லேசாகத் தூக்கினான். சாவி திரும்பியது. "தூக்கிட்டுத் திருப்பணும். பழகினவனுக்குத்தான் தெரியும்."

"பழகினவனுக்குத்தான் தெரியும்! எழுதுங்க, எழுதுங்க!" என்று லாவிங்டன் குமாஸ்தாவின் முதுகில் தட்டினார். சொந்தக் கதவு என்பதற்கு இதைவிடச் சாட்சி உண்டா? மறுபடி ஆரவாரம்.

நெருப்பு மூட்டினான். புகை எழுந்தது, காற்றில் சாய்ந்து, பாதிரியாரின் முகத்துக்குப் போனது.

"ஆட்சேபம்" என்றார் மட்ஃபர்ட் சாவகாசமாக. அவருக்கு இப்போது பசி எடுக்க ஆரம்பித்திருந்தது, குரலில் தெரிந்தது. "இந்தப் புகை யாருடையது? அவன் புகைபோக்கி வழியாப் போனா அவன் புகை. இப்படிப் போனா பொதுப் புகை. பொதுப் புகை போடுற அடுப்பு எப்படித் தனி அடுப்பாகும்?"

ஸ்டக்கி பீர் ஊற்றச் சொன்னார். பிறகு புகைபோக்கியைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜேபஸ் பானையை விட்டுவிட்டு நாற்காலிக்குக் கிட்டே ஓடினான். "ஐயா, எங்க வீட்டுக் கூரை உத்தரம் புகைபோக்கி மேலதான் உக்காந்திருக்கு. அத எடுத்தா கூரை எது மேல நிக்கும்?"

"அது வீட்டு விஷயம்ப்பா. நாம இங்க ஓட்டு விஷயம் பேசிட்டிருக்கோம்."

"வீடு போகாம இருக்கத்தானேய்யா நான் இந்த ஓட்டுக்கு வந்தேன்!"

"அவசரப்படாத. ஓட்டு முதல்ல நிலைக்கட்டும். ஓட்டு நிலைச்சா வீடு தானா நிலைக்கும்" என்றார் லாவிங்டன், தோளில் கைபோட்டு.

எங்கள் பக்கத்து வீடுகள் மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டியவை. தலையில் கூரை, காலில் கல், இந்த இரண்டும் இருந்தால் இருநூறு வருஷம் நிற்கும். தலை போனால் மழைக்குச் சேறு. புகைபோக்கியைச் செங்கல் செங்கலாக எடுக்கும்போது திடலில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டது. முதலில் மரம் முறிகிற சத்தம். பிறகு பெரிய மிருகம் ஒன்று படுப்பது மாதிரி, வைக்கோல் அமர்கிற சத்தம். தூசி எழுந்து அடங்கியபோது முக்கில் ஜேபஸின் கூரை தெரியவில்லை.

பன்றி பானைப் பக்கம் நகர்ந்தது.

"புகைபோக்கி வந்தாச்சா?" என்றார் ஸ்டக்கி.

வந்தது. அடுப்புக்குப் பின்னால் செங்கற்களை அடுக்கினார்கள். புகை அதன் வழியாகப் போவதற்கு ரட்ஜ் தொப்பியால் விசிறினான். தூறல் ஆரம்பித்தது. தர்சா டர்னிப்பைக் கத்தியால் குத்திப் பார்த்தாள்.

"ஆட்சேபம்! பொம்பளை கை வைக்கிறா! சமைக்கிறது அவ. அப்ப பானை அவளோடது. பொம்பளைக்கு ஓட்டு கிடையாது. ஆக, இந்தப் பானைக்கு ஓட்டு கிடையாது."

"உங்க வீட்டுல யாருங்கய்யா சமைக்கிறது?" என்று கேட்டாள் தர்சா.

"சமையல்காரி."

"அப்ப உங்களுக்கும் ஓட்டு இல்லீங்களே."

சிரிப்பு எழுந்தது. மட்ஃபர்டின் காது சிவந்தது. ஸ்டக்கி கையை உயர்த்தி, அந்தப் பெண்ணை வீட்டுக்கு வெளியே நிறுத்தும்படி உத்தரவிட்டார். ரட்ஜ் அவளைக் கதவு வழியாக அந்தப் பக்கம் கூட்டிப்போய் விட்டான். ஜேபஸ் காலால் தூக்கிப் பூட்டினான். இப்போது அவள் வெளியே, அவன் உள்ளே. இருவர் மேலும் ஒரே தூறல்.

ஜேபஸ் ஜென்மத்தில் சமைத்ததில்லை. உப்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"அவ்வளவும் போடாதய்யா!" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "பன்னிக்கறியிலயே உப்பு இருக்கு. பாதி போடு."

"யார் பேசுறது?" என்றார் மட்ஃபர்ட்.

ஸ்டக்கி நேரே தர்சாவைப் பார்த்தார். கதவுக்கு ஒரு முழம் தள்ளி, முழுசாகத் தெரிந்தாள். "எனக்கு யாரும் தெரியல. நடுவுல சுவர் இருக்கு" என்றார் கம்பீரமாக.

தூறல் வலுத்து அவர் தொப்பி நனைந்தது. அடுப்பருகே வந்து நிற்க எழுந்து, கதவைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"அய்யய்யோ, சுவத்த ஒடச்சிட்டு வர்றாரே!" என்றாள் தர்சா. "கான்ஸ்டபிளு, பகல் கொள்ளைய்யா! பிடிய்யா!"

ரட்ஜ் சட்டத்தை மதிக்கிறவன். ஒரு கணம் தடியில் கை வைத்துவிட்டான். ஸ்டக்கி முறைத்ததும் கையை எடுத்தான்.

பிறகு கொதி வந்ததா இல்லையா என்ற விவாதம். ஓரத்தில் குமிழ் வந்தால் போதுமா, நடுவில் வர வேண்டுமா? போதும் என்றார் லாவிங்டன். மூடி தானாகத் துள்ள வேண்டும் என்றார் மட்ஃபர்ட். மூடியைப் போட்டுவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். காரியஸ்தர், வக்கீல், பாதிரியார், பின்னால் நாங்கள். ராஜாவின் முடிசூட்டு விழாவைக்கூட எங்கள் ஊர் அப்படிப் பார்த்திருக்காது. மூடி ஒருமுறை நடுங்கியது. சும்மா இருந்தது. பிறகு டக்கென்று துள்ளியது.

தொப்பிகள் பறந்தன. ஸ்டக்கி கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சுவைத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார்.

"ஊர் மக்களே! பிரான்சுல இந்த மாதிரி ஒண்ணு உண்டா? ஸ்பெயின்ல உண்டா? ஒரு சாதாரண கம்பளிக்காரன். அவனுக்காக ஒரு பிரபுவோட காரியஸ்தர், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், நானு, இத்தனை பேரும் மழையில நிக்கிறோம். ஏன்? அவன் உரிமைய நிலைநாட்ட. அவன் வீட்டுல ஒரு கல்லு விடாம எடுத்துட்டு வந்து பார்த்துட்டோம். இவனுக்கு வீடு உண்டுன்னு இப்ப எந்தச் சந்தேகமும் இல்ல! ஜேபஸ் வென், நீ சுதந்திரமான ஆங்கிலேயன்!"

ஜேபஸ் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "தர்சா, நிலைச்சிடுச்சு!" என்று கதவைப் பார்த்துக் கத்தினான்.

அந்த நேரத்தில் பிரபுவின் மாளிகையிலிருந்து குதிரைக்காரன் வந்தான். செய்தியை லாவிங்டனிடம் சத்தமாகவே சொன்னான். ரகசியம் ஒன்றுமில்லை. பிரபுவும் கோப்ஸ்டனும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டார்களாம். மிளகுத்தண்ணி பிரபுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம். இருப்பது இரண்டு இடம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்றாம். பிரபுவோடு வேட்டைக்குப் போகிறவர் இனி வேட்டைக்கு மட்டும் போவார். போட்டி இல்லை. ஓட்டுப்பதிவு இல்லை.

லாவிங்டனும் மட்ஃபர்டும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "நல்லா வாதாடினீங்க." "நீங்களும்தான். அந்த வெந்நீர் பாயிண்டு அருமை." இருவரும் ஜேபஸின் பானைப் பக்கத்தில் உட்கார்ந்து டர்னிப்பைத் தின்றார்கள். உப்புச் சரியாக இருந்தது என்றார்கள். மட்ஃபர்ட் இறைச்சித் தோலைப் பன்றிக்குப் போட்டார். அதற்கு அது என்ன என்று தெரியவில்லை, தின்றது.

ஜேபஸ் பானை காலியாகும்வரை காத்திருந்துவிட்டு ஸ்டக்கியிடம் போனான்.

"ஐயா, வீட்டத் திருப்பி வைக்கச் சொல்லுங்கய்யா. மழை வலுக்குது. மண்சுவரு."

"எடுத்துட்டு வந்தது தேர்தல் வேலை. திருப்பி வைக்கிறது சொந்த வேலை. தேர்தல் அதிகாரி எப்படிப்பா சொந்த வேலையில தலையிடுறது? நாளைக்கு ஒருத்தன் கைநீட்டிப் பேசிடக்கூடாதுல்ல."

லாவிங்டனிடம் போனான். "ஐயா, ஓட்டு நிலைச்சா வீடு நிலைக்கும்னீங்க."

"நிலைச்சுதே. நான் உன்னை வெளியேத்தினேனா? இல்லையே. வெளியேத்தணும்னா உள்ளன்னு ஒண்ணு இருக்கணும்ல? அது இப்ப இல்ல. வெறும் மனை. மனைய பிரபு வேற எதுக்காவது வெச்சுக்குவார்."

"எனக்கு ஓட்டு இருக்குய்யா!"

"இருக்கு. அதை யார் இல்லேன்னது? அடுத்த தேர்தல் வரட்டும், பாப்போம். ஆனா அப்ப உனக்கு அடுப்பு வேணும், கதவு வேணும். பாத்து வெச்சுக்கோ."

சாயங்காலம் மாட்டைச் சுட்டார்கள். மழையில் நெருப்பு அணைந்து அணைந்து எரிந்தது, இறைச்சி பாதி வேகவில்லை. இருந்தாலும் தின்றோம். ஜேபஸும் தர்சாவும் கதவின் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் கதவு கொஞ்சம் மறைப்பாக இருந்தது. யாரோ ஒருவன் அவர்களுக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தான். தர்சா வாங்கவில்லை.

"இதுவும் தர்மமா, இல்ல வெந்நியான்னு கேட்டுட்டு வா" என்றாள். அதற்குள் இருமல் வந்து அவள் பேச்சை நிறுத்தியது.

வாரம் முழுக்கப் பெய்தது. முக்கில் நின்ற மண்சுவர் இடுப்பளவுக்குக் கரைந்தது, பிறகு முழங்காலளவுக்கு. செங்கற்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டக்கியின் பீர் காய்ச்சும் கொட்டகையில் புதிதாக ஓர் அடுப்பு எழும்பியது. கதவு மட்டும் திடலில் நின்றது. சந்தைக்கு வருகிறவர்கள் அதில் கோழிகளைக் கட்டினார்கள்.

பாதிரியார்தான் முதலில் சொன்னார். நல்ல ஓக் கதவு, சாவியோடு, வீடில்லாமல் அநாதையாக நிற்கிறது, அந்தப் பக்கம் ஏழை விடுதி கதவில்லாமல் நிற்கிறது, இரண்டையும் சேர்த்துவைப்பது தெய்வச் செயல். ஊர்ச் சபை கூடியது. ஏகமனதாக ஒப்புக்கொண்டது. ரட்ஜும் இன்னும் நாலு பேரும் கதவைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு இறங்கினார்கள். பின்னால் ஜேபஸும் தர்சாவும் பானையோடு போனார்கள். அவர்களுக்கும் அங்கேதான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். இனி ஊர்த் தர்மத்தில் சாப்பிடப் போகிறவன் என்பதால் குமாஸ்தா ஜேபஸின் ஓட்டை அன்று காலையிலேயே அடித்துவிட்டார்.

கதவை மாட்டி முடித்ததும் ரட்ஜ் கையை நீட்டினான்.

"சாவி."

"என் சாவிய்யா இது."

"கதவு எங்கயோ சாவி அங்க. குடு ஜேபஸ். எனக்கு மட்டும் இது ஆசையா?"

கொடுத்தான். உள்ளே போனார்கள். சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. கைநிறைய வைக்கோலை எடுத்துத் தர்சா உலர்ந்த மூலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ரட்ஜ் வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினான். சாவியைப் போட்டுத் திருப்பினான். திரும்பவில்லை. இன்னொரு முறை முறுக்கினான். கதவை உதைத்தான். கெட்ட வார்த்தை சொன்னான்.

தர்சா தலைநிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். பேசாதே என்பது போல் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"கொஞ்சம் மேல தூக்கிட்டுத் திருப்புங்கய்யா" என்று உள்ளிருந்து சொன்னான் ஜேபஸ். "அது தொங்கும்."

ரட்ஜ் காலைக் கொடுத்துத் தூக்கினான். பூட்டு விழுந்தது.